கோவில்பட்டி அண்ணாச்சி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரிசல்காட்டுக்காரன்:

கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கம் உள்ளவர்கள் பலருக்கு அண்ணாச்சியைத் தெரிந்திருக்கும். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் சம்பளக் கவரோடு நேரே மதுக்கடைக்குப் போய், வெறும் கவரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். இதை நான் கிசுகிசுவாகச் சொல்லவில்லை. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவரே சொல்வார். இப்போது வாரம் ஒரு மாலை, ஒரு பள்ளி வகுப்பறையில் பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போட்டு, குடியை விட நினைப்பவர்களுக்குக் கூட்டம் நடத்துகிறார். மற்ற நாட்களில் குடிப்பவர்களின் வீடு, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று சைக்கிளில் சுற்றிக்கொண்டிருப்பார். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

பெயரை யாரும் எழுத வேண்டாம். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்க, 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வழக்கம் அது. கூட்டத்துக்கு வருகிறவர் பெயரும் வெளியே போகக்கூடாது, நாற்காலி எடுத்துப் போடுகிறவர் பெயரும் போகக்கூடாது. பள்ளிக்கூடம் எது, தெரு எது என்பதும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

நான் பார்த்தது இது. பஸ் நிலையத்துக்கு வெளியே என் சித்தப்பா வேட்டி விலகிக் கிடந்தார். சொந்தக்காரன் நானே பத்தடி தள்ளி நின்று, யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தி, முதலில் வேட்டியைச் சரிசெய்தார். பிறகு ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். யாரோ தலையில் தண்ணீர் ஊற்ற வந்தபோது தடுத்து, வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போய்விடும், மல்லாக்கப் போடாதீர்கள் என்றார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "பார்த்தது போதும், பஸ் போய்விடப் போகிறது" என்றார். ஒரு சிரிப்புகூட இல்லாமல் சொன்னார். கூட்டம் கலைந்துவிட்டது.

மருந்துக்கடை (சாத்தூர்):

எங்கள் ஊர்ச் சுவர்களில் ஒரு விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். 'குடியை மறக்க மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்', கீழே ஒரு கைபேசி எண். இதைப் படித்துவிட்டுப் பெண்கள் நேரே மருந்துக்கடைக்குத்தான் வருவார்கள். சாம்பாரில் கலக்கிற மாத்திரை இருக்கிறதாமே, கொடுங்கள் என்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம். மருத்துவர் சீட்டில்லாமல் நான் கொடுப்பதில்லை. ஆனால் இல்லை என்று சொல்லி அனுப்பினால் அடுத்த கடைக்குப் போவார்கள். அங்கே கிடைக்காமலா போகும்?

அண்ணாச்சி ஒரு நாள் கடைக்கு வந்து, அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் தன் எண்ணைக் கொடுக்கச் சொன்னார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் படித்த பாடம்: முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும், இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். அவருக்கோ அது கண்ணால் கண்டது. தெரியாமல் மாத்திரை கலந்த சோற்றைத் தின்றுவிட்டு, சாயங்காலம் வழக்கம்போலக் குடித்த ஒருவரை அவர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அந்த மனைவியைப் பற்றி அவர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "கணவனிடம் இதைப் பற்றி வாய்திறந்து பேச முடியாத வீட்டில்தான் சாம்பாரில் கலப்பார்கள்" என்றார்.

இந்த மாத்திரைக்கு மருத்துவத்தில் இடம் உண்டு. குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவர் விளம்பரக்காரர்களை ஏன் இன்னும் யாரும் பிடிக்கவில்லை என்பது தனிக்கதை, அதை இங்கே இழுக்கவில்லை.

எட்டயபுரத்து மருமகள்:

இதுவரை எங்கும் எழுதியதில்லை. பெயர் தெரியாத இடம் என்பதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நான் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கினேன். அவர் லோடுக்குப் போகாத நாளெல்லாம் லாரி ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்வது என் வேலை. கடைக்காரர் பாக்கி கேட்டால் கம்மலை வைத்துக் கொடுப்பதும் என் வேலை. அம்மா வீட்டில் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பேன். மாமியாரோ, வீட்டில் நிம்மதி இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். குடிப்பது அவர், குனிந்து நடப்பது நான்.

அண்ணாச்சி தனியாக வரவில்லை, மதினியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவர் திண்ணையில் என் வீட்டுக்காரரோடு பேச, மதினி அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். "நான் பதினைந்து வருஷம் காய்ச்சல் என்று போன் செய்தவள்" என்றுதான் ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழாதே என்றும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இனி அந்தப் போனைச் செய்யாதே, கடைப் பாக்கியைக் கொடுக்காதே, அடிக்க வந்தால் மட்டும் பொறுக்காதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வா என்றார். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மாமியாரிடம் அண்ணாச்சி பேசியதை மறக்கமாட்டேன். "ஆத்தா, என் அம்மாவும் இப்படித்தான் இவளைச் சொன்னாள். நான் குடித்ததற்கு இவள் காரணம் இல்லை, நான் நிறுத்தியதற்கும் இவள் காரணம் இல்லை" என்று மதினியைக் காட்டிச் சொன்னார். மாமியார் பதில் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நின்று பேசுவது குறைந்தது.

என் வீட்டுக்காரர் சிகிச்சைக்குப் போய் வந்தார். நன்றாக இருந்தார். பங்குனியில் கோயில் கொடைத் திருவிழாவில் மறுபடி குடித்துவிட்டார். நான் செத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அண்ணாச்சி வந்து, கட்டிலில் கிடந்தவரிடம், சாயங்காலம் கூட்டம் இருக்கிறது, குளித்துவிட்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபமாக வந்தது, ஒரு வார்த்தை திட்டக்கூடாதா என்று. மதினியிடம் கேட்டேன். திட்டுவதற்குத்தான் ஊரே இருக்கிறதே என்றார்.

பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது முதலில் வந்தவர்கள் யாரோ சொல்லக் கேட்டு நின்றுவிட்டார்கள். அடுத்த இடம் வந்ததும், அவர்கள் விசாரிக்கும் முன்னால் நீயே சொல்லிவிடு என்றார் அண்ணாச்சி. தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து என் வீட்டுக்காரர், நான் குடித்துச் சீரழிந்தவன், இப்போது குடிப்பதில்லை, கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னார். சம்பந்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டார். தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். சம்பந்தம் முடிந்துவிட்டது.

பணி ஓய்வு பெற்ற செவிலியர்:

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லவில்லை. குடித்து வருகிறவர்களை வராந்தாக் கோடியில் போடுவோம். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, தெளிந்ததும் அனுப்பு என்பார்கள். தினம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சித்தம் கலங்கிப்போகலாம். பி1 வைட்டமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அவன் தானாக இழுத்துக்கொண்டதுதானே என்ற நினைப்பு கையைக் கட்டிப்போட்டிருந்தது.

ஒரு இரவு ஒருவர் போர்வையில் இல்லாத பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு, லாரி கிளம்பப் போகிறது, விடுங்கள் என்று கத்தினார். வார்டு பையன்கள் துணியால் கட்டத் தொடங்கினார்கள். அண்ணாச்சி, விளக்கை அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உங்கள் பெயர் இது, இது ஆஸ்பத்திரி, மணி இரண்டு, நான் இங்கேயே இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊசி வேலை செய்யும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்த வார்டு பையன்களில் இரண்டு பேர் கேட்காமலேயே இதைச் செய்வார்கள்.

பெட்டிக்கடைப் பையன்:

எனக்குக் குடி இல்லை, வலி மாத்திரை. கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வோம். என் அக்கா அண்ணாச்சியிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு மணி நேரம் அறிவுரை கிடைக்கும் என்று நினைத்தேன். அவரோ, எனக்குத் தெரிந்தது குடி, இது எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களிடம் போவோம் என்றார். 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குத் தன் போனிலிருந்தே பேசினார். மருத்துவரிடம் போனபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். தெரியாது என்று சொன்ன ஒரே பெரிய மனிதர் அவர்தான், அதனால்தான் போனேன்.

தாம்பரத்திலிருந்து:

அண்ணாச்சியை நான் பார்த்ததில்லை. சாந்தி ரங்கநாதன் அம்மையாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை மையம் தொடங்கினார். கைம்பெண் ஒருத்தி, என் கணவர் இதனால்தான் இறந்தார் என்று வெளியே சொல்வதற்கே அன்றைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஊரிலேயே முகாம் போட்டு, ஊர்க்காரர்களையே துணைக்கு வைத்துச் சிகிச்சை தரும் முறையை மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் நடத்திக் காட்டினார்கள். 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படியும், 2019இல் எய்ம்ஸ் மத்திய அரசுக்குக் கொடுத்த ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைக்கிறது. மீதி 37 பேரும் பணமில்லாமல் மட்டும் போகாமல் இருக்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களே என்றுதான் பலர் போவதில்லை.

கடை எதிர்ப்புக்காரன்:

எல்லோரும் புகழ்கிறீர்கள். எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017 ஏப்ரலில் கடைகளை மூடினார்களே, அவற்றை ஊருக்குள் கொண்டுவந்து திறக்கப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். நாங்கள் கூப்பிட்டும் அண்ணாச்சி வரவில்லை. "கடை போனால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடை வாசலில் என்னைப் பார்த்தவன் நாளைக்குக் கூட்டத்துக்கு வரமாட்டான். தன்னைப் பிடிக்க வந்தவன் என்று நினைப்பான்" என்றார். அரசாங்கமே பாட்டில் விற்கிற மாநிலத்தில், குடிப்பவனை மட்டும் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் போதுமா? கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோதும் இதைத்தான் கேட்டேன்.

கரிசல்காட்டுக்காரன்:

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை ஒரு கடையும் இல்லை. நீங்கள் கேட்டதே நடந்தது. தமிழ்நாட்டில் வார்னிஷைக் குடித்துச் செத்தார்கள். வீடு வீடாக நடுக்கமும் வலிப்பும். அண்ணாச்சி வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்க அலைந்ததையும், முகக்கவசத்தோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றதையும் நான் பார்த்தேன். கடையை மூடுகிறவர்கள், மூடிய மறுநாள் நடுங்குகிறவனை எங்கே கொண்டுபோவது என்பதையும் கோரிக்கையில் சேர்த்துக்கொண்டால் என்ன?

பெயர் வேண்டாம்:

கூட்டத்துக்குப் போகிறவன் நான். நிறுத்திய பிறகும் ஊர்க் கொடைக்கு என்னிடம் வரி வாங்கவில்லை. குடித்த காலத்தில் கொடுக்காமல் போன பாக்கியைச் சொல்லி, ஆள் கணக்கிலிருந்தே எடுத்திருந்தார்கள். எனக்கு அது அடிவிழுந்ததைவிட வலித்தது. பழைய பாக்கியையும் சேர்த்துக் கொண்டுபோ என்றார் அண்ணாச்சி. அவரும் கூட வந்தார். நாட்டாமை வீட்டுத் திண்ணையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரசீது போட்டுக் கொடுத்தார்கள். வேலைக்குப் போன இடத்தில் முதலாளி, கல்லாப் பக்கம் மட்டும் விடமாட்டேன் என்றார். நான் முறுக்கிக்கொண்டேன். "நியாயம்தானே, நாம் கொடுத்த அனுபவம் அப்படி. கிடங்கில் வேலை பார்" என்றார் அண்ணாச்சி. இப்போது கல்லாவில்தான் இருக்கிறேன்.

கடை எதிர்ப்புக்காரன்:

ஊரடங்கு பற்றிச் சொன்னது சரிதான், அதை மறுக்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு சிகிச்சை வார்டு என்பதையும் மனுவில் சேர்த்துவிட்டோம். ஆனாலும் கடை ஊருக்குள் இருக்கக்கூடாது என்பதில் நான் இறங்கிவரப் போவதில்லை. வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். அண்ணாச்சி வரமாட்டார், தெரியும். மதினி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.