புதுப்பிப்பு: சைலன்சர் வெடிச்சத்தம் நின்றது

ஆக்சிலரேட்டரை விட்டவுடன் என் நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக்கின் சைலன்சரில் படபடவென்று வெடிச்சத்தம் கேட்பதாக முன்பு எழுதியிருந்தேன். அது இப்போது முழுமையாக நின்றுவிட்டது. எரிபொருள் கலவையில்தான் கோளாறு என்ற என் சந்தேகம் தவறு.

இன்ஜின் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் குழாய்கள் சிலிண்டர் ஹெட்டுடன் சேரும் இடங்களில் சோப்புநீர் தெளித்துப் பார்த்தபோது, மூன்றாவது இணைப்பில் மட்டும் குமிழிகள் எழுந்தன. அங்கிருந்த கேஸ்கட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) பழுதாகி, அதன் இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்ததால்தான், இன்ஜினில் எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் தீப்பற்றி வெடித்திருக்கிறது. நான்கு கேஸ்கட்டுகளையும் மாற்றி (ஒருமுறை நசுங்கியதை மறுபடி பொருத்தவே கூடாது), நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) சர்வீஸ் கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்கினேன். இதே சத்தத்துக்காக, எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் மாற்றம் செய்யப் பணம் கட்டவிருப்பவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.