புகார் கொடுத்தால் அனுபவச் சான்று கிடைக்குமா?

கோத்தகிரிக்காரி:
கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பணி மருத்துவராக இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்தபின் முதல் வேலை. நோயாளிகள் என்னை ‘சிஸ்டர்’ என்பதும், ஊசி போட வரும் ஆண் செவிலியரை ‘டாக்டர் சார்’ என்பதும் பழகிவிட்டது. கேள்வி அதைப் பற்றியதல்ல.

எங்கள் அறுவை மருத்துவர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். அவருக்கு உதவியாக நிற்பேன். கையுறை போட்டு, வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துவிட்டால் இரண்டு கையும் அசையக் கூடாது. நோயாளியின் வயிறு திறந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் முழங்கையால் மார்பில் இடிக்கிறார். இட நெருக்கடி என்று நினைத்து நகர்ந்தேன். நகர்ந்த பக்கமே வந்தார். “கல்யாணம் ஆனால் இந்தக் கூச்சமெல்லாம் போய்விடும்” என்றார். மயக்க மருத்துவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நிர்வாகியிடம் சொன்னேன். “இவர் போய்விட்டால் மலையேறி வர வேறு யார் இருக்கிறார்கள்? குடல்வால் வெடித்தவனை நடுராத்திரி பனிமூட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கா இறக்குவது?” என்றார். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். அனுபவச் சான்றில் கையெழுத்துப் போடுபவரும் அதே அறுவை மருத்துவர்தான். என்ன செய்யலாம்?

மலைச்சாரல்:
நாங்களும் திட்டு வாங்கித்தான் தையல் போடக் கற்றோம். சின்ன ஊர், பெயர் கெட்டுவிடும். வேறு இடம் பார்த்துக்கொண்டு போங்கள் தங்கையே.

கோத்தகிரிக்காரி:
திட்டியதாக எங்கே எழுதினேன்? நன்றாகவே திட்டுவார், அதில் கற்றுக்கொண்டும் இருக்கிறேன். பெயர் கெட வேண்டியது என்னுடையதா அண்ணா?

குன்னூர் ஓய்வுபெற்ற செவிலியர்:
டாக்டரம்மா, எங்கள் காலத்தில் புதிதாக வரும் பெண்களிடம் “அவர் டியூட்டியில் தனியாக ஸ்டோர் ரூமுக்குப் போகாதே” என்று காதில் போட்டுவைப்போம். அவ்வளவுதான் பாதுகாப்பு. பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிராக 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது, 2013இல் சட்டமே வந்தது. இனியும் கிசுகிசுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். ஆறு பிரதி, சாட்சிகளின் பெயர், என்றைக்கு எந்த அறுவையின்போது என்ற விவரம். தியேட்டர் பதிவேட்டில் அன்று யார் யார் நின்றார்கள் என்று இருக்கும், அதைக் குறித்துவையுங்கள்.

சான்றுக்குப் பயப்படாதீர்கள். விசாரணை முடியும்வரை உங்கள் வேலையை மதிப்பிட்டு அந்த அறுவை மருத்துவர் எழுதக் கூடாது என்று குழுவிடம் கேட்கலாம். மூன்று மாதம் வரை தனி விடுப்பும் கேட்கலாம். நிர்வாகி காபி வாங்கிக்கொடுத்துச் சமரசம் பேச வருவார், பாருங்கள். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் பேசச் சட்டம் இடம் தரவில்லை.

ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பது நிர்வாகத்தின் வேலை. அதற்கு நீங்கள் ஏன் உடம்பைக் கொடுக்க வேண்டும்?

கோத்தகிரிக்காரி:
பலகையில் குழு இருக்கிறது: உரிமையாளரின் மனைவி, கணக்காளர், மருந்தகப் பெண். வெளி உறுப்பினர் யாரும் இல்லை.

குன்னூர் ஓய்வுபெற்ற செவிலியர்:
அப்படியானால் அது முறையான குழுவே அல்ல. குழுவை முறையாக அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இதையும் எழுதி, ஊட்டியில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உரிமையாளர் மேலேயே புகார் என்றால் அங்குள்ள உள்ளூர் புகார்க் குழுவுக்கே நேராகப் போகலாம். அந்த அறுவை மருத்துவர் செய்வது குற்றமும்கூட; காவல் நிலைய வழி தனியாகத் திறந்தே இருக்கிறது.

கோத்தகிரிக்காரி:
தியேட்டர் சிஸ்டர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்தவர். சாட்சி சொல்கிறேன் என்கிறார். ஆனால் ஒப்பந்த ஊழியர், வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான்.

குன்னூர் ஓய்வுபெற்ற செவிலியர்:
அவருக்கும் அதே தொந்தரவு இருந்ததா என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்த ஊழியருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவர் சம்மதித்தால் மட்டும் பெயரை எழுதுங்கள். மயக்க மருத்துவரின் பெயரைச் சம்மதம் கேட்காமலே எழுதலாம். குழு கூப்பிட்டுக் கேட்கட்டும்.