டவுன்வர்ட் ஸ்பைரல்: ஆல்பத்தில் தொடங்குவதா, சிங்கிளிலா?

கடைசிபெஞ்ச்:
அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூலப் பாட்டு நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ (1994) ஆல்பத்தில் கடைசியாக வருகிறது என்று தெரிந்து, ராத்திரி ஹெட்போனில் போட்டேன். தொடக்கத்திலேயே யாரையோ அடிக்கிற சத்தம், அப்புறம் காதைக் கிழிக்கும் இரைச்சல். நாலாவது பாட்டு ‘மார்ச் ஆஃப் தி பிக்ஸ்’ வந்ததும் தாளமே பிடிபடவில்லை, நிறுத்திவிட்டேன். சரி, சிங்கிள்களை (தனியாக வெளியிட்ட பாட்டுகளை) கேட்டுப் பழகலாம் என்று போனால் ‘க்ளோசர்’ ஒன்றுக்கே ஏகப்பட்ட ரீமிக்ஸ். இயந்திர இரைச்சலையே இசையாக்கும் இந்த இன்டஸ்ட்ரியல் வகை எனக்குப் புதுசு. எங்கிருந்து தொடங்க?

மிருதங்கம்2மிக்ஸர்:
தம்பி, ஆல்பத்திலிருந்தே தொடங்குங்கள். ஆனால் ராத்திரி, ஹெட்போன் இரண்டும் வேண்டாம். பகலில், ஸ்பீக்கரில்.

முதலில் அந்த நாலாவது பாட்டு. சின்ன வயதில் மிருதங்கம் கற்றதில் எனக்கு மிச்சம் இருப்பது கணக்கு மட்டும்தான். அது இங்கே உதவியது. ‘தகிட தகதிமி’ என்று மூன்று முறை சொல்லுங்கள். ஏழு, ஏழு, ஏழு. நாலாவது முறை மட்டும் ‘தகதிமி தகதிமி’, அதாவது எட்டு. மொத்தம் 29. அவ்வளவுதான் மர்மம். படுவேகமாக ஓடுவதால்தான் குழப்புகிறது. விரல் அந்தக் கடைசி எட்டைப் பிடித்துவிட்டால் அப்புறம் விடவே விடாது. அந்த ஓட்டத்தின் நடுவில் எல்லாம் சட்டென்று நின்று, பியானோவும் குரலும் மட்டும் இனிமையாக வரும். அந்த இனிமைதான் எனக்கு இரைச்சலைவிடப் பயமாக இருக்கும்.

நீங்கள் கேட்ட அடி ‘டிஹெச்எக்ஸ் 1138’ என்ற படத்திலிருந்து எடுத்தது. ஒரு ஆள் அடிவாங்கும் காட்சி. ஒரு மனிதன் படிப்படியாகச் சரிந்து தன்னையே அழித்துக்கொள்ளும் கதைக்கு அதுதான் வாசல். 14 பாட்டும் அந்த வரிசையில்தான் இறங்குகின்றன. சிங்கிள்களை மட்டும் கேட்டால் இந்த இறக்கம் தெரியவே தெரியாது.

‘க்ளோசர்’ நல்ல உதாரணம். தனியாகக் கேட்டால் கிளப்பில் ஆடும் பாட்டு, வரிகள் பச்சை. (அம்மா வீட்டில் இருக்கும்போது போடாதீர்கள். அனுபவம்.) அந்த ‘தம்’ என்ற கிக் ட்ரம் அடி, இக்கி பாப்பின் 1977 பாட்டு ‘நைட்க்ளப்பிங்’கில் வரும் ட்ரம் மெஷினிலிருந்து எடுத்து மாற்றியது. பாட்டு முடிகிற இடத்தைக் கவனியுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒலிகள் எல்லாம் விலகி, ஒரு பியானோ மட்டும் கீழே இறங்கும். அதே இறக்கம் 13ஆவது பாட்டில், அதாவது ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டில், திரும்ப வரும். கதையில் அவன் தன்னையே சுட்டுக்கொள்ளும் இடம் அது. நைன் இன்ச் நெயில்ஸை நடத்தும் ட்ரென்ட் ரெஸ்னர் ஆட்டப் பாட்டுக்குள்ளேயே முடிவை ஒளித்துவைத்திருக்கிறார்.

ரீல்ராணி:
அண்ணா சொல்வது சரி, ஆனால் புதியவருக்கு இது கடினம். 1989இல் வந்த ‘ப்ரிட்டி ஹேட் மெஷின்’தான் எளிய வழி. கிளீவ்லாந்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் ரெஸ்னர் தனியாகப் பதிவுசெய்த டெமோக்களில் இருந்து பிறந்த ஆல்பம். ‘டவுன் இன் இட்’, ‘ஹெட் லைக் எ ஹோல்’, ‘சின்’ மூன்று சிங்கிள்களும் முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மிருதங்கம்2மிக்ஸர்:
ஒட்டும்தான். ஆனால் அவர் ‘ஹர்ட்’ வழியாக வந்திருக்கிறார். சின்த் பாப் வாடை அடிக்கும் ஆல்பத்தைக் கொடுத்தால் ‘இதுவா அது?’ என்பார்.

கடைசிபெஞ்ச்:
அண்ணா, பகலில் ஸ்பீக்கரில் முழுசாகக் கேட்டேன். பத்தாவதாக வரும் ‘எ வார்ம் ப்ளேஸ்’ இல்லையென்றால் பாதியிலேயே எழுந்திருப்பேன். ‘ஹர்ட்’ முடிவில் அந்தப் பெரிய கிட்டார் அடி! கேஷ் பாடியதில் அப்படி இல்லையே?

மிருதங்கம்2மிக்ஸர்:
இல்லை. 2002இல் கேஷ் பாடியது ஒரு கிழவர் திரும்பிப் பார்ப்பது. இங்கே அது செத்தவனின் குறிப்பா, பிழைத்தவனின் குரலா என்றே முடிவாகவில்லை. அதனால்தான் அந்த அடியும், அதற்கப்புறம் நீளும் இரைச்சலும். ‘ஹர்ட்’ 1995இல் வானொலிகளுக்கு மட்டும் போன சிங்கிள், கடைக்கு வரவில்லை. ஒரு துணுக்கு: ‘க்ளோசர்’ வீடியோவை இயக்கிய மார்க் ரோமனெக்தான் கேஷின் வீடியோவையும் இயக்கினார்.

இனி சிங்கிள்களுக்குப் போகலாம். ரெஸ்னர் தன் வெளியீடுகளுக்கு ‘ஹேலோ’ என்று எண் போடுவார். ‘மார்ச் ஆஃப் தி பிக்ஸ்’ 7, ஆல்பம் 8, ‘க்ளோசர்’ சிங்கிளான ‘க்ளோசர் டு காட்’ 9. இந்த 9இல் ‘ப்ரிகர்சர்’ என்ற ரீமிக்ஸை மட்டும் முதலில் கேளுங்கள். லண்டன் குழு காயில் செய்தது. ‘செவன்’ (1995) படத்தின் டைட்டிலில் ஓடுவது அதுதான், அதனால் ஏற்கெனவே உங்கள் காதில் விழுந்திருக்கலாம். காயிலின் பீட்டர் கிறிஸ்டோபர்சன்தான் ‘மார்ச் ஆஃப் தி பிக்ஸ்’ வீடியோவையும் எடுத்தார். காயிலுக்கு முன் த்ராபிங் க்ரிஸில் என்ற குழுவில் இருந்தவர். இன்டஸ்ட்ரியல் என்ற பெயரே அந்தக் குழு 1976இல் தொடங்கிய இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸிலிருந்து வந்ததுதான்.

மற்ற ‘க்ளோசர்’ ரீமிக்ஸ்களில் பாதி, நேரம் இருந்தால் கேட்கலாம் என்ற ரகம். ஹேலோ 7இல் ‘எ வயலட் ஃப்ளூயிட்’ ஒரு நிமிஷச் சொச்சம்தான், விட்டுவிடாதீர்கள். மின்னிசைக் கலைஞர் ஏஃபெக்ஸ் ட்வின் வரும் ரீமிக்ஸ் தொகுப்பு ‘ஃபர்தர் டவுன் தி ஸ்பைரல்’ (1995) அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும். வாங்குவதானால் பார்த்து வாங்குங்கள், அமெரிக்கப் பதிப்பும் பிரிட்டன் பதிப்பும் ஒன்றல்ல.