ஏற்காடு போகும் வழியில் பைப் மூடிகள் கழன்று விழுகின்றன, எதை வாங்குவது?

காப்பித்தோட்டம்_ஏற்காடு:
அனைவருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு நீர்ப்பாசன வேலைக்காக இரண்டு இஞ்ச் பைப்புகளை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். இரு முனைகளிலும் பிளாஸ்டிக் மூடி மாட்டித்தான் அனுப்புகிறோம். ஆனால் மேலே வந்து இறக்கும்போது பாதி மூடிகளைக் காணோம். திறந்து கிடக்கும் பைப்புக்குள் குளவி மண்கூடு கட்டிவிடுகிறது. தண்ணீர் விட்டதும் அந்த மண் கரைந்து வந்து ஸ்பிரிங்ளர் நாசில்களை அடைத்துக்கொள்கிறது. அடுத்த லோடு நாளை மறுநாள் கிளம்புகிறது. கழலாத மூடி எது என்று விரைவாகச் சொல்லுங்கள்.

ஐந்துரோடு_ஹார்டுவேர்:
ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பா, பிளாஸ்டிக் வகையான பி.வி.சி.யா, எச்.டி.பி.இ.யா? முனையில் மரை (திருகு வரிகள்) போட்டிருக்கிறதா? மூடி வெளியே மாட்டுவதா, உள்ளே செருகுவதா? இவை தெரியாமல் எந்தக் கடைக்காரரும் சரியான மூடியை எடுத்துத் தர முடியாது.

இருபதாம்_வளைவு:
எனக்கு இது காற்றழுத்தத்தின் வேலையாகவே தோன்றுகிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே இறுக்கமாக அடைத்த பைப்புக்குள் இருக்கும் காற்று, இந்த அளவுப் பைப்பில், மூன்று கிலோ எடைக்குக் குறையாத விசையோடு மூடியை வெளியே தள்ளும். வெயிலில் பைப் சூடேறினால் அந்த விசை இன்னும் கூடும். எனவே ஒவ்வொரு மூடியிலும் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள்.

வெர்னியர்_பெரியவர்:
தம்பி, மூடி கேட்க வருபவர் முதலில் பைப்பை அளந்துவிட்டு வரவேண்டும் என்பதை இங்கே பலருக்கும் பலமுறை சொல்லியாகிவிட்டது. இரண்டு இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. அதே இரண்டு இஞ்ச் என்று நம் ஊர் விவசாயக் கடைகளில் விற்கும் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 63 மி.மீ. வெளியே மாட்டும் மூடிக்கு வெளிவிட்டம்தான் கணக்கு. சுவர் எவ்வளவு கனம் என்பது தேவையில்லை. உள்ளே செருகும் ப்ளக்குக்குச் சுவர்க் கனமும் தெரிய வேண்டும். ஜி.ஐ.யில் நீலப் பட்டை போட்ட மீடியம் ரகத்தின் சுவர் 3.6 மி.மீ., சிவப்புப் பட்டை போட்ட ஹெவி ரகத்தின் சுவர் 4.5 மி.மீ. ஆகவே ஒன்றுக்குப் பொருந்தும் ப்ளக் மற்றொன்றுக்குப் பொருந்தாது. வெர்னியர் (விட்டம் அளக்கும் நகரும் அளவுகோல்) வைத்து அளந்து எழுதுங்கள், பிறகு பேசலாம்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு:
ஜி.ஐ. பைப், நீலப் பட்டை, மரை போட்டது. மூடி வெளியே மாட்டுவது. பைப்பும் மூடியும் ஒரே கடையில் வாங்கியவை அல்ல. மூடியைச் சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடையில் இரண்டு இஞ்ச் என்று கேட்டு வாங்கினோம்.

வெர்னியர்_பெரியவர்:
அது 63 மி.மீ. மூடியாகத்தான் இருக்கும். கிட்டத்தட்ட 3 மி.மீ. தொளதொளப்பாக மாட்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றினால் எந்த மூடியும் நிற்காது.

ஐந்துரோடு_ஹார்டுவேர்:
பெரியவர் சொல்வது சரி. ஆனால் அளவு மட்டும் காரணமல்ல. மரை போட்ட ஜி.ஐ. பைப் ஒரு முனையில் சாக்கெட்டோடு (அடுத்த பைப்பை இணைக்கும் திருகு வளையம்) வரும். சாக்கெட்டின் வெளிவிட்டம் பைப்பைவிடப் பெரியது என்பதால் ஒரே மூடி இரண்டு முனைக்கும் ஒருபோதும் சேராது. அந்தப் பக்கம் உள்ளே இறங்கும் ப்ளக் போடுங்கள். மரைப் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், நுனியை நோக்கிச் சற்றே ஒடுங்கிக்கொண்டே போகும். 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும், 16-க்கு 1 என்ற சரிவு அது. விறைப்பான மூடியை அதன்மேல் தட்டி மாட்டினால், வண்டி அதிரும் ஒவ்வொரு முறையும் அது நுனிப் பக்கமாகவே நழுவும். மென்மையான பி.வி.சி. மூடியை, பைப்பைவிட ஒரு மி.மீ. சிறியதாக வாங்கி, இழுத்து மாட்டுங்கள். அது மரையின் பள்ளங்களில் பதிந்து பிடித்துக்கொள்ளும். மரையைத் தாண்டி வழவழப்பான பகுதி வரை இறங்கும் நீளம் இருக்க வேண்டும். தோட்டத்தில் வெயிலில் கிடக்குமானால் கறுப்பு நிறத்தையே கேளுங்கள். வெளிர்நிற மூடிகள் வெயிலில் விரைவாக முறுகி வெடிக்கின்றன.

இருபதாம்_வளைவு:
அப்படி இறுக்கமாக மாட்டினால்தான் நான் சொன்ன அழுத்தம் வேலை செய்யும். துளை போடாமல் அனுப்பாதீர்கள்.

வெர்னியர்_பெரியவர்:
மரையின் இடுக்கு வழியாகவே காற்று கசிந்து வெளியேறிவிடும். மலை ஏற ஒரு மணி நேரம் ஆகிறது. கசிய அது போதாதா? இதுவரை கழன்றவை தொளதொளப்பான மூடிகள். அவற்றுக்குள் அழுத்தம் எங்கிருந்து தங்கும்?

இருபதாம்_வளைவு:
ஏற்கெனவே கழன்றவற்றுக்கு நீங்கள் சொன்ன காரணமே பொருந்தலாம். நான் பேசுவது இனி மாட்டப்போகும் இறுக்கமான மூடியைப் பற்றி. துளைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஏற்காட்டுப் பனியில் அடைத்த பைப்புக்குள் ஈரம் வியர்த்து நிற்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் துத்தநாகப் பூச்சின் மேல் வெள்ளைத் துரு பூக்கும். ஜி.ஐ. பைப்பை மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் எந்தத் தோட்டத்திலும் இதைப் பார்க்கலாம்.

ஐந்துரோடு_ஹார்டுவேர்:
வெள்ளைத் துருவைப் பற்றிய கவலை நியாயமானது. மழையில் நனைந்த பைப்பை அப்படியே அடைத்து அனுப்புவதுதான் முதல் தவறு. உள்ளே உலரவிட்டு மூடுங்கள். துளை போடுவதாயின் குண்டூசி அளவுக்கு மேல் போகவேண்டாம், குளவி நுழைந்துவிடும். அடுக்கும்போது ஒரு முனை சற்றே தாழ்ந்திருக்கட்டும். துளையும் அந்த முனையின் அடிப்பக்கமாக இருந்தால் கசியும் நீர் தேங்காமல் வடியும்.

வெர்னியர்_பெரியவர்:
குண்டூசித் துளையில் எனக்கு மறுப்பில்லை. அளவை முதலில் சரிசெய்யாமல் துளை போட்டுப் பயனில்லை என்பதைத்தான் வலியுறுத்துகிறேன்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு:
அளந்தோம். பைப் 60.3, பழைய மூடியின் உள்விட்டம் 63. செவ்வாய்ப்பேட்டையில் மென்மையான கறுப்பு மூடியும் சாக்கெட்டுக்கு ப்ளக்கும் கிடைத்தன. நாளை காலை லோடு ஏறுகிறது. மிக்க நன்றி.

ஐந்துரோடு_ஹார்டுவேர்:
மகிழ்ச்சி. முனைகள் லாரியின் பக்கப் பலகையில் உரசாதபடி கட்டுக்கும் பலகைக்கும் நடுவே சாக்குத் திணித்துவிடுங்கள். இறக்கியதும் எத்தனை மூடிகள் நின்றன, துளை போட்டவையும் போடாதவையும் எப்படி இருந்தன என்று தனித்தனியே எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

இருபதாம்_வளைவு:
லோடு போய்ச் சேர்ந்ததா, ஐயா?