பள்ளி ஊழியர்களுக்குக் கையுறையும் தடுப்பூசியும் தேவை, உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. போன வாரம் எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா குப்பை அள்ளும்போது, சுற்றுச்சுவருக்கு வெளியிலிருந்து யாரோ வீசிய ஊசி அவர் விரலில் குத்திவிட்டது. பதற்றத்தில் விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றினோம். அப்படிச் செய்யக் கூடாதாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நல்லவேளை, அன்றே போய்விட்டோம். அக்கா இன்னும் சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம்தான் யோசித்தேன். மூக்கில் ரத்தம் வடிந்தாலும் முட்டி சிராய்த்தாலும் பிள்ளைகளை நாங்கள் வெறுங்கையால்தான் துடைத்துவிடுகிறோம். ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தக் கறையில்கூடக் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. எங்களில் ஒருவரும் போட்டதில்லை.

பெரியவர்களுக்கு இதைக் குறைந்த செலவில் எங்கே போடுகிறார்கள்? முதலுதவிப் பெட்டிக்குக் கையுறைகள் வாங்கித் தர முடியுமா? அக்காவுக்குக் கனமான ரப்பர் கையுறையும் நீள இடுக்கியும்தான் முதலில் வேண்டும். குழுவில் செவிலியர் யாராவது இருந்தால், ஒரு சனிக்கிழமை வந்து அரை மணி நேரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பணமாக வேண்டாம், பொருளாகவே கொடுங்கள்.