‘எம்பாடீட் எனர்ஜி’க்கு ‘அடக்க ஆற்றல்’: ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கட்டுமானப் பொருளை உருவாக்கி வேலையிடம் கொண்டுவந்து சேர்க்கும் வரை செலவாகும் ஆற்றலை ஆங்கிலத்தில் ‘எம்பாடீட் எனர்ஜி’ (embodied energy) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று சென்ற வாரம் நான் கேட்டதற்கு அக்கறையோடு மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. வந்த பரிந்துரைகளில் சிலவற்றை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கேள்வி எங்கிருந்து எழுந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சொல்லின் தேர்வு அதைப் பொறுத்தே அமைகிறது.

கட்டட மேற்பார்வையாளர்கள், மேஸ்திரிகள், சிறு ஒப்பந்தக்காரர்கள் ஆகியோருக்குப் பசுமை வீட்டு வடிவமைப்பும் கட்டுமானப் பொருள் தேர்வும் பற்றி ஒரு தொடர்கல்வி வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். சூளைச் செங்கல்லுக்கும், சிறிது சிமெண்டு கலந்து இயந்திரத்தில் அழுத்தி வெயிலிலோ சூளையிலோ சுடாமல் நீராட்டிப் பதப்படுத்தும் மண்கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும்போது, ‘எம்பாடீட் எனர்ஜி’ என்பதைச் ‘செங்கல்லில் உட்பொதிந்த ஆற்றல்’ என்று சொன்னேன். மூத்த கொத்தனார் ஒருவர் எழுந்து, “அப்படியானால் கல்லுக்குள் இருக்கிற அந்த ஆற்றலைத் திரும்ப எடுக்க முடியுமா, சார்?” என்று கேட்டார். அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் கொடுத்த சொல் அதைத்தான் சொன்னது.

உண்மையில் அந்த ஆற்றல் கல்லுக்குள் எங்கும் இல்லை. மண்ணை வெட்டி, பிசைந்து, அறுத்து, சூளையில் சுட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் வரை செலவாகி முடிந்துபோன ஆற்றலின் கணக்குதான் அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வேங்கடராம ரெட்டி, ஜெகதீஷ் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சூளைச் செங்கல்லைச் செய்ய மட்டும் 4.25 மெகாஜூல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விறகுக் கணக்கில் சொன்னால் கல் ஒன்றுக்கு ஏறத்தாழ கால் கிலோ விறகு. அது புகையாகவும் வெப்பமாகவும் என்றைக்கோ போய்விட்டது. அதே ஆய்வின்படி சூளைச் செங்கல் கட்டுவேலை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,140 மெகாஜூல் ஆகிறது, நூற்றுக்கு 6 பங்கு சிமெண்டு கலந்த மண்கல் கட்டுவேலைக்கோ ஏறத்தாழ 650 போதும். இந்த ஒப்பீட்டை ஒரு கொத்தனார் மனத்தில் வாங்கிக்கொண்டால், வீட்டுக்காரரிடம் அவரே எடுத்துச் சொல்வார். அதற்குச் சொல் இடறாமல் இருக்க வேண்டும்.

அதனால்தான் ‘உட்பொதிந்த’, ‘உறைந்த’, ‘உள்ளுறை’ என்று ‘உள்ளே இருப்பது’ என்ற பொருளில் தொடங்கும் பரிந்துரைகள் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘உள்ளுறை ஆற்றல்’ ஓசையில் அழகானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நம் பள்ளிப் பாடநூல்களில் உள்ளுறை வெப்பம் என்பது பனிக்கட்டி உருகும்போதும் நீர் ஆவியாகும்போதும் வெப்பநிலை மாறாமல் உட்கொள்ளப்படும் வெப்பத்தைக் குறிக்கிறது. அது உண்மையிலேயே உள்ளே இருப்பது, திரும்ப வெளிவருவது. அதன் பக்கத்தில் இதை நிறுத்தினால் குழப்பம் உறுதி. மாமரப் பலகையை எண்ணிப் பாருங்கள்: பக்கத்துத் தோப்பில் வெட்டி அறுத்த பலகைக்காகச் செலவான ஆற்றல் மிகக் குறைவு, அதை அடுப்பில் வைத்தால் கிடைக்கும் வெப்பமோ மிக அதிகம். ‘உட்பொதிந்த ஆற்றல்’ என்றால் கேட்பவர் இரண்டாவதைத்தான் நினைப்பார்.

‘ஆக்க ஆற்றல்’ என்ற பரிந்துரை இவற்றைவிட நெருங்கி வந்தது. செலவைச் சொல்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. அது இடறும் இடம் மணல். மணலை யாரும் ஆக்குவதில்லை, அந்த ஆய்விலும் ஆற்று மணலின் உற்பத்தி ஆற்றல் சுழியம் என்றே கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு கன மீட்டர் மணலை 100 கிலோமீட்டர் கொண்டுவர 175 மெகாஜூல், அதாவது ஐந்து லிட்டர் டீசல் அளவுக்கு ஆகிறது. தொலைவிலிருந்து வரும் பொருளை விடுத்து அருகில் கிடைப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பசுமைக் கட்டுமானக் கல்வியின் முதன்மையான பாடங்களில் ஒன்று. போக்குவரத்தைத் தன்னுள் கொள்ளாத சொல் அந்தப் பாடத்தையே விட்டுவிடுகிறது.

என் பரிந்துரை ‘அடக்க ஆற்றல்’. இதை நான் புதிதாக உருவாக்கவில்லை, ‘அடக்கவிலை’யிலிருந்து எடுத்தேன். கடைக்காரர் “எனக்கு அடக்கமே இவ்வளவு ஆகிறது” என்று சொல்லும்போது, வாங்கிய விலை, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி, வழியில் உடைந்த சேதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அந்தப் பணம் சரக்குக்குள் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை, சரக்கை உடைத்து அதைத் திரும்ப எடுக்கலாமா என்றும் யாரும் கேட்பதில்லை. செலவாகிவிட்டது, ஆனால் அந்தச் சரக்கின் பெயரில் நிற்கிறது. நமக்கு வேண்டிய கருத்தும் இதுவேதான், பணத்துக்குப் பதில் ஆற்றல். ஞாயிறன்று வகுப்பில், “அடக்கவிலை போல அடக்க ஆற்றல்” என்று ஒரு வரி சொன்னேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே கொத்தனார், “அப்படியென்றால் அலுமினிய சன்னலுக்கு அடக்கம் ஏறிப்போகுமே, சார்” என்றார். ஏறத்தான் செய்கிறது: அதே ஆய்வில் சிமெண்டு கிலோவுக்கு 5.85, எஃகு 42, அலுமினியம் ஏறத்தாழ 237 மெகாஜூல்.

இதற்கு எழுந்த மறுப்புகளில் ஒன்று கனமானது. ‘அடக்க’ என்பது செய என்னும் வாய்பாட்டு எச்சமாகவும் நிற்கக்கூடியதால், ‘அடக்குவதற்கான வல்லமை’ என்று படிக்க இடமுண்டு என்று இலக்கணம் கற்ற உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். இதை நான் பல நாள் யோசித்தேன். ‘ஆற்றலடக்கம்’ என்று மாற்றிப் போடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது, ஆனால் அது ‘நீரடக்கம்’ போல ஒரு பொருளுக்குள் இருக்கும் அளவைக் குறித்துவிடும், விட்ட பிழைக்கே திரும்ப வந்துவிடுவோம். அடக்கவிலையையும் இலக்கணப்படி ‘அடக்குவதற்கான விலை’ என்று படிக்கலாம்தான், ஆனாலும் யாரும் அப்படிப் படிப்பதில்லை, வழக்கு பொருளை நிலைநிறுத்திவிட்டது. முதல் பயன்பாட்டில் அடக்கவிலையோடு சேர்த்துச் சொன்னால் இதுவும் நிற்கும் என்று நம்புகிறேன். நல்லடக்கம் நினைவுக்கு வருகிறது என்ற மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அன்பர், இலங்கைப் பாடநூல்களில் ஆற்றல் என்பது ‘சக்தி’ என்றே வழங்குவதைச் சுட்டிக்காட்டினார். அங்கே ‘அடக்கச் சக்தி’ என்று வழங்கட்டும். நாம் உடன்பட வேண்டியது ‘அடக்க’ என்ற முன்பகுதியில் மட்டுமே.

இணைச்சொல் ஒன்றும் வேண்டும். வீட்டில் குடியேறிய பின் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், மோட்டார் ஆகியவற்றுக்கு ஆகும் ஆற்றலை ‘இயக்க ஆற்றல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது ஓடும் பொருளின் ஆற்றலுக்கு இயற்பியலில் நெடுநாளாக உள்ள பெயர், தொட வேண்டாம். ‘புழக்க ஆற்றல்’ என்று சொல்லலாமே. குடியிருப்புக் கட்டடங்களுக்கான இந்திய ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான ஈக்கோ நிவாஸ் சம்ஹிதாவின் 2018ஆம் ஆண்டுப் பகுதி சுவர், கூரை, சன்னல் வழியே வெப்பம் நுழைவதற்கு வரம்பு வகுக்கிறது, அது புழக்க ஆற்றலைக் குறைக்கும் வழி. அடக்க ஆற்றல் அதற்கு முந்தைய கணக்கு. (இதனோடு தொடர்புடைய ஒரு வேண்டுகோள்: பாடங்களில் ‘பசுமை இல்லம்’ என்று எழுத வேண்டாம். ‘பசுமை இல்ல வாயு’ படித்தவர்களுக்கு அது வேறொன்று. ‘பசுமை வீடு’ போதும்.)

ஒரு பொருளை ஆக்கிக் கொண்டுவரும்போது காற்றில் விடப்படும் கரிமத்தைக் குறிக்கும் ‘எம்பாடீட் கார்பன்’ என்பதற்கு ‘அடக்கக் கரிமம்’ என்று நேரே கொண்டுபோகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், இப்போது மாற்றிக்கொண்டேன். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம்தான். அது மரத்துக்குள் உண்மையாகவே இருப்பது, காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்தது. நாம் குறிக்க விரும்புவதோ காற்றில் விடப்பட்டதை. இந்த எதிர்நிலையைச் சொல் மறைத்துவிடக் கூடாது. ஆகவே ‘அடக்க உமிழ்வு’. சிமெண்டுக்கு இது இன்னும் இன்றியமையாதது. ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் உலையைச் சூடாக்கும் எரிபொருளின் புகை ஒருபுறம் இருக்க, சுண்ணாம்புக்கல் பிரியும்போதே 100 கிலோவுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எரிபொருளை மாற்றினாலும் இது நிற்காது. ஆற்றலையும் உமிழ்வையும் தனித்தனிச் சொற்களால் குறித்தால்தான் இதைக் கற்பிக்க முடிகிறது.

எதுவரை உள்ள கணக்கு என்பதற்கும் வணிக வழக்கே கைகொடுக்கிறது. ஆலையை விட்டுப் புறப்படும் வரை ‘ஆலைவாசல் அடக்கம்’, வேலையிடத்தில் வந்து இறங்கும் வரை ‘மனைவாசல் அடக்கம்’. ஒப்பந்தக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மறுபயன்பாட்டுப் பொருள்களை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு மாணவர் கேட்டதற்கும் இந்தச் சொல்லே விடை தந்தது. காரைக்குடியில் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய பர்மா தேக்குத் தூண்கள் விற்பனைக்கு வருகின்றன. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த செலவை இன்றைய வியாபாரி தம் அடக்கத்தில் சேர்ப்பதில்லை. வீட்டிலிருந்து கழற்றிய கூலி, கொண்டுவந்த வண்டி, இழைத்துச் செப்பனிட்ட செலவு ஆகியவற்றோடு தாம் கொடுத்த விலையை மட்டுமே சேர்க்கிறார். அந்தத் தூணின் அடக்க ஆற்றலையும் அவ்வாறே, கழற்றியதிலிருந்து தொடங்கி எண்ண வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன். கையேடு அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது, மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் எழுதும்படி வேண்டுகிறேன்.

அன்புடன்.