பட்டன் போன் அம்மாவுக்குப் பணம் எடுக்க என்ன வழி?

கேள்வி:
அம்மா ஏற்காடு மேல காபி எஸ்டேட்ல வேலை பாக்குறாங்க. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் கணக்குல விழுது. எடுத்துத் தர வர்றவரோட மெஷின்ல ரேகையே ஏற மாட்டேங்குது. பழம் பறிச்சுப் பறிச்சு விரல் நுனி வழவழன்னு தேஞ்சு போச்சு. 'சர்வர் இல்லை'ன்னு திரும்பத் திரும்ப வைக்கச் சொல்றாரு, ரசீதும் தர்றதில்ல. பணம் போயிருக்குமோன்னு அம்மாவுக்குத் தூக்கமே இல்லைங்க. நான் சேலத்துல இருக்கேன். என்ன பண்ணலாம்?

பதில்:
கட்டைவிரல்தான் வைக்கணும்னு இல்லைங்க. ஆதார்ல 10 விரலும் இருக்கு, தேயாத விரலை வைக்கச் சொல்லுங்க. ஆதார் மையத்துல ரேகையைப் புதுப்பிச்சுடுங்க. ரசீது தராதவர்கிட்ட இனி விரலே வைக்க வேண்டாம். தபால்காரர்கிட்டயும் ஆதார் ரேகை வெச்சுப் பணம் எடுக்கலாம்.

பதில்:
நம்பர் வங்கிக் கணக்கோட இணைஞ்சிருந்தா பட்டன் போன்லயே *99# போட்டு இருப்பு பாக்கலாம், நெட் வேண்டாம். முதல்ல ஒருதடவை டெபிட் கார்டை வெச்சு யுபிஐ பின் (PIN, ரகசிய எண்) போட்டுக்கணும். அந்தப் பின்னை வேற யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட அழுத்திச் சொல்லுங்க. நம்ம கணக்குக்குப் பணம் வர்றதுக்கு அந்தப் பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டா ஏமாத்து வேலைதான். பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை மேல போறேன். பாஸ்புக்ல என்ட்ரி போடணும், எந்த நம்பர் இணைஞ்சிருக்குன்னும் வங்கியில கேக்கணும்.

பதில்:
ஞாயித்துக்கிழமை வங்கி லீவுங்க தம்பி, திங்கக்கிழமையும் அம்மாகூட இருங்க.